ஜெப நேரத்தில் பிடுங்கிய பென் டிரைவ்

1

இந்தக் கதை ஒரு ஜெராக்ஸ் கடைச் சுவரிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செகந்திராபாத் மெட்டுகுடாவில் ஆதார் நகல் எடுக்கப் போயிருந்தேன். பென் டிரைவைச் சொல்லாமல் பிடுங்கினால் கடை பொறுப்பல்ல என்று தெலுங்கில் எழுதி ஒட்டியிருந்தார்கள். யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். கம்ப்யூட்டரிடம் என்றார் கடைக்காரர், என்னை ஒரு மாதிரி பார்த்தபடி. வீடு வந்து சேர்வதற்குள் தியோடர் மனதில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் தொடக்கம் இப்படி: 'லாலாகுடா ஒர்க்ஷாப்பில் சங்கு ஊதியபோது தியோடர்' — நிறுத்திவிட்டேன். சங்கு ஊதித் தொடங்கும் கதைகள் எனக்கே அலுத்துவிட்டன. இரண்டாவது: 'மனித மனம் என்பது' — இதை நீங்கள் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் நின்றது. 'ஜெபத்தின் நடுவில் தியோடர் கண்ணைத் திறந்தார்.'

2

தியோடருக்கு ஐம்பத்திரண்டு வயது. லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பின் ஸ்டோரில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ரிடையரான தலைமை ஆசிரியை லோயிஸ் அக்காவும் அவரும் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம்.

சர்ச் பாடகர் குழுவில் பாடுவதோடு, ஒத்திகைகளைப் பதிவு செய்வதும் அவர் வேலை. பதினெட்டு வருடத்துக்கு முன்பு, ஒரு டிசம்பர் ஒத்திகையில், காற்றாடிச் சத்தம் பதிவில் விழுகிறதென்று அதை நிறுத்த எழுந்து போனார். ரெக்கார்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கூடப் பாடும் கரோலின் அவர் முதுகைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவர் காதில் விழவில்லை.

[வயதுக்கு மரியாதை கொடுத்து 'சொன்னார்' என்றுதான் எழுதியிருந்தேன். தியோடருக்குள் அவள் ஒரு நாளும் 'அவர்' ஆனதில்லை. அடித்துவிட்டேன்.]

ஜனவரியில் கரோலினுக்குக் கல்யாணம் ஆகி அவள் கோயமுத்தூர் போய்விட்டாள். பிப்ரவரியில் பதிவுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போதுதான் தியோடர் அதைக் கேட்டார். பதினொரு விநாடி.

"தியோ, நீங்க பக்கத்துல நின்னு பாடினா நான் என் பார்ட்ட விட்டுட்டு உங்க பார்ட்டுக்கு வந்துடுறேன். என்னன்னு தெரியல."

ஒரே பாட்டை ஆண்களும் பெண்களும் வேறு வேறு பார்ட்டாக, தனித்தனி மெட்டில் பாடும் குழு அது. குழுவில் எல்லாரும் எல்லாருக்கும் பிரதர், சிஸ்டர். வெறும் தியோ என்று யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை, அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி. பதினெட்டு வருடமாக அந்தப் பதினொரு விநாடியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்பதில்லை. அது ஏனோ அவருக்குக் கூச்சமாக இருந்தது.

3

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கரோலின் செகந்திராபாத் வந்தாள். பகல் ரயிலுக்கு முன்பு லோயிஸ் அக்காவைப் பார்க்க வந்தவள், பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள்.

"அந்த ப்ராக்டிஸ் எல்லாம் இன்னும் வச்சிருக்கீங்களா, பிரதர்?"

"ஹவ் சிஸ்டர். எல்லாம் இருக்கு." இந்த ஊரில் ஆமாம் என்றால் ஹவ்.

(முதல் வரைவில் அவள் கணவரைக் கொன்றுவிட்டிருந்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. பிறகு வெட்கமாகப் போய்விட்டது. மனிதர் உயிரோடு இருக்கிறார், நல்லவர், முழங்கால் வலிதான் பாடாய்ப் படுத்துகிறது.)

இருபத்து மூன்று பதிவுகள். இருபத்திரண்டைப் பென் டிரைவுக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பதினொரு விநாடி இருந்த ஒன்றை மட்டும் தியோடர் நிறுத்தி வைத்திருந்தார். பக்கத்து அறையில் கரோலின் சிரிப்பது கேட்டது. அன்று அவள் சொன்னது தன்னிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று அந்த நிமிடம் அவருக்குத் தோன்றிவிட்டது. வாயால் சொல்லத் தைரியமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று அதையும் அனுப்பினார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டரில் தியோடர் நகல் எடுக்கும் ஆள் இல்லை, கட் செய்து நகர்த்தும் ஆள். ஸ்டோரில் ஒரு பேரிங்கை எடுத்துக் கொடுத்துவிட்டால் அது ரேக்கில் இருக்கக் கூடாது. ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம். இருபத்தெட்டு வருடப் பழக்கம், கை தானாகவே அந்தக் கட்டளையைத்தான் அழுத்தும். கைத்தவறு என்று முதலில் எழுதினேன். அவ்வளவு நிச்சயமாக இப்போது சொல்ல மாட்டேன்.

திரையில் வேலை முடிந்துவிட்டதாகக் காட்டியது. பென் டிரைவின் சின்ன விளக்கு மட்டும் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. உள்ளே எழுதி முடியவில்லை. முறைப்படி நீக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று தியோடர் மவுஸில் கை வைப்பதற்குள் லோயிஸ் அக்கா கரோலினைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆட்டோ வந்தாயிற்றாம்.

"கைக்கு, எதுக்கு இவ்ளோ அவசரம்? ஜெபம் பண்ணிட்டுப் போ. தியோடர், கண்ண மூடு."

மூடினார்கள். அக்கா ரயிலுக்காக ஜெபித்தார். ஓட்டுபவருக்காக, பாலங்களுக்காக, கீழ் பெர்த்துக்காக, கரோலின் கணவரின் முழங்காலுக்காக. வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா அவருக்காகவும் ஜெபித்தார்.

ஜெபத்தின் நடுவில் தியோடர் கண்ணைத் திறந்தார். கரோலினும் திறந்திருந்தாள். மணி பார்த்தாள், ஓசைப்படாமல் கையை நீட்டினாள், பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். நக்கோ, வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். ஆனால் ஜெபத்தின் நடுவில் பேசுகிற வீடில்லை அது. தவிர, பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அவள் கையை அவ்வளவு பக்கத்தில் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். ஆமென் என்று அக்கா முடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

4

அன்று மாலை தன் டிஸ்க்கைத் திறந்து பார்த்தார். அந்தப் பதிவு இல்லை. கட் செய்தது கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியிலும் கிடைக்காது.*

(* மீட்டெடுக்கும் கடைக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். போனார். மூன்று விநாடிக் காற்றாடிச் சத்தம் கிடைத்தது.)

இனி அது இருந்தால் கரோலினிடம் இருக்கிறது. முழுசாக இருக்கலாம், வெறும் பெயர் மட்டும் இருந்து, திறந்தால் ஒன்றுமே இல்லாமலும் போகலாம். தெரிந்துகொள்ள அவளைத்தான் கேட்க வேண்டும். கேட்டால், அந்த ஒன்று மட்டும் எதற்கு என்று அவள் கேட்பாள். அந்தக் குரல் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது என்று தெரியவில்லை.

முடிவு அ: அவள் கேட்டுவிட்டு ஓடி வருகிறாள். (யார் நம்புவார்கள்? அவளுக்குக் கோயமுத்தூரில் ஒரு வாழ்க்கை இருக்கிறது.)

முடிவு ஆ: பதிவு பாழ், தியோடர் மனதைத் தேற்றிக்கொண்டு — இல்லை. அவர் தேற்றிக்கொள்ளவில்லை. அதை மட்டும் என்னால் எழுத முடியாது.

5

ஒன்பதாம் நாள் மதிய இடைவேளையில், ஸ்டோரில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது கரோலினிடமிருந்து செய்தி வந்தது.

'இருபத்திரண்டு கேட்டாச்சு பிரதர். அழுதுட்டேன். கடைசி ஒண்ணு இன்னும் தொடல, கேட்டா தீர்ந்துடுமேன்னு இருக்கு. அதுல என்ன பாட்டு?'

தியோடர் மூன்று தடவை எழுதி அழித்தார். நான்காவது தடவை இப்படி எழுதினார்:

'அதுல பாட்டு முக்கியமில்ல. கேளுங்க. திறக்கலன்னா எனக்குச் சொல்லுங்க. அதுல என்ன இருந்துச்சுன்னு நானே சொல்றேன்.'

சாப்பாட்டில் கை வைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடைவேளை முடிய நான்கு நிமிடம் இருந்தது. அனுப்பினாரா இல்லையா என்பதை நான் எழுதப்போவதில்லை. நானும் இப்படி ஒன்றை எழுதி வைத்து அனுப்பாமல் விட்டவன். என்னிடம் கேட்டால் தியோடரும் அனுப்ப மாட்டார். நீங்கள் முடித்து வையுங்கள்.