அந்த அஞ்சரை பஸ் நெசமா எப்படி இருந்துச்சு?

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. உதிக்கவில்லை. போன வியாழக்கிழமை என் மகள் சுமித்ரா, குக்கர் மூடியைக் கையில் பிடித்தபடி வந்து நின்று கேட்டாள்:

"அப்பா, பத்தொம்பது வருசம் கொல்லிமலைக்கு அஞ்சரை பஸ்ஸுல போயிட்டு வந்தீங்களே. நெசமா எப்படி இருந்துச்சு?"

'நெசமா' என்பதை அழுத்தினாள். என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லை அழுத்தித்தான் கேட்பார்கள். நான் உற்சாகமாகிவிட்டேன்.

"அதை ஏன் கேக்கற கண்ணு! முப்பதாவது வளைவுல பஸ்ஸு அப்படித் திரும்பும். முன்சீட்டுக்காரனும் பின்சீட்டுக்காரனும் சன்னல் வழியா ஒருத்தருக்கொருத்தர் வெத்தலை பாக்கு மாத்திக்குவாங்க. டிரைவர் நம்ம பஸ்ஸோட பின்னாடி நம்பரையே படிச்சுட்டு, 'யாரோ முன்னால போறான்'னு ஆரன் அடிப்பாரு..."

"சரிங்கப்பா," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அந்த 'சரிங்கப்பா' இருக்கிறதே, அதை வைத்து ஒரு நாவலே எழுதலாம். (எழுத முடியாது. ஒரு பக்கம் தேறும்.) அவளுக்கு வேண்டியது ஒரு பதில், நான் கொடுத்தது ஒரு காட்சி. சரி, வாயால் வராத உண்மை விவரம் எழுத்தில் வருமா என்று பார்க்கலாமென்று உட்கார்ந்தேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

2

முதல் தொடக்கம்: "நாமக்கல் பஸ் நிலையத்திலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பும் பஸ்ஸில் ஐம்பது பேர் உட்காரலாம். நாங்கள் நூற்று எண்பது பேர்..."

(அடித்துவிட்டேன். எழுபது பேர் இருந்திருப்போம். கோழிகளைச் சேர்த்து.)

இரண்டாம் தொடக்கம்: "மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும்..."

(எழுபது உண்மை. அதை மட்டும் என்னால் பெருக்க முடிந்ததில்லை. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிப் பலகை வைத்துவிட்டார்கள், படுபாவிகள்.)

மூன்றாம் தொடக்கம்: "பயணம் சிரமமாக இருந்தது."

(திரும்பப் படித்தேன். யாரோ ஒரு ஆபீசர் எழுதியது மாதிரி இருக்கிறது. ஆனால் மூன்றில் இதுதான் உண்மைக்குப் பக்கம். அது எனக்குப் பிடிக்கவில்லை.)

3

இந்தப் பகுதியில் எதையும் பெருக்கப்போவதில்லை. நம்பலாம்.

சுமித்ரா நாமக்கல் டவுனில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் குறைந்ததால் அவள் பள்ளியில் ஒரு ஆசிரியர் உபரி என்று கணக்கெடுத்தார்கள். அந்த உபரி இவள். செவ்வாய்க்கிழமை இடமாறுதல் கலந்தாய்வு. பட்டியலில் மிச்சமிருப்பது இரண்டே இடம். ஒன்று ராமநாதபுரம் பக்கம். இன்னொன்று கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில் (மலையில் ஊராட்சிக்கு 'நாடு' என்றுதான் பேர்), பதினாலு பிள்ளைகள் படிக்கும் பள்ளி. இரண்டும் வேண்டாமென்றால் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுக்கலாம். மாப்பிள்ளை இளங்கோ லாரி ஓட்டுகிறார். கிளம்பினால் வீடு திரும்பப் பதினைந்து நாள், இருபது நாள். லோடு இல்லாத மாதமும் உண்டு. வீடு நடப்பது இவள் சம்பளத்தில்.

பேத்தி மோனிஷாவுக்கு ஐந்து வயது. பிறவியிலேயே காது கேட்காது. எட்டு மாதத்துக்கு முன் ஆபரேஷன் செய்து காதுக்குள் மிஷின் வைத்தார்கள். வெளியே தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்கிற ஒரு சின்ன வட்டம் இருக்கும். அது ஒட்டியிருந்தால் கேட்கும், எடுத்தால் ஒன்றும் கேட்காது. மிஷின் வைத்ததும் பேச்சு வந்துவிடாது. ஒவ்வொரு சொல்லாகப் பழக்க வேண்டும். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரோக்கியமேரி டீச்சரிடம் பேச்சுப் பயிற்சி, அப்புறம் எட்டு மணி வரைக்கும் வீட்டில் அம்மாவோடு. எட்டுக்குப் பிள்ளை தூங்கிவிடும். இதுவரை பதினோரு சொல் வந்திருக்கிறது.

"இந்த ஒரு வருசத்தை விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டமுங்க சார்," என்று ஆரோக்கியமேரி டீச்சர் என்னிடமே சொன்னார். "மலையில குடியிருந்துட்டு வாரம் ஒருக்கா கூட்டிட்டு வந்தாப் பத்தாதுங்க."

ஆக, பிள்ளையை மேலே கொண்டுபோக முடியாது. கீழே விட்டுவிட்டுப் போனால் காலை ஐந்தரைக்கு ஏறி, ராத்திரி எட்டேகாலுக்குத்தான் திரும்பி வந்து இறங்க வேண்டும். அந்த பஸ் சாப்பிடுவது ஐந்து முதல் எட்டு வரை உள்ள அந்த மூன்று மணி நேரத்தைத்தான்.

4

சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனோம். பிள்ளையைப் பக்கத்து வீட்டு பூங்குழலியிடம் விட்டுவிட்டு, சுமித்ராவும் நானும் அதே ஐந்தரை பஸ்ஸில்.

(இங்கே ஒரு சிறுத்தையை வைக்கலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். வைக்கவில்லை. என் தியாகத்தை வாசகர் குறித்துக்கொள்ளவும்.)

ஊரெல்லாம் காலையில் மேலிருந்து கீழே வரும். காலேஜுக்கு, ஆஸ்பத்திரிக்கு, வாழைத்தாரோடு சந்தைக்கு. எங்கள் பஸ் மட்டும் எதிர்த்திசையில் ஏறும். நாற்பத்தோராவது வளைவில் இறங்குகிற பஸ்ஸுக்கு வழிவிட்டு எங்கள் டிரைவர் ஒதுங்கினார். அந்த பஸ் முழுக்க யூனிபாரம் போட்ட பிள்ளைகள். (டவுன் தனியார் பள்ளிகளுக்குச் சனிக்கிழமையும் உண்டு.)

"பிள்ளைங்க எல்லாம் கீழ வருதுங்க. டீச்சர் மேல போறேன்," என்றாள் சுமித்ரா. சிரிப்பாள் என்று பார்த்தேன். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குமட்டல்.

மலைமேல் சோளக்காடு நிறுத்தத்தில் இறங்கினோம். என் காலத்துப் பெருமாயி இன்னும் அதே இடத்தில் மிளகும் அன்னாசியும் விற்றுக்கொண்டிருந்தாள். நான் அந்த ஊர் ஆபீசிலிருந்து ரிட்டையர் ஆகி ஏழு வருசம். பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏனுங்க, நம்ம ஊமச் சாருங்களா? நல்லா இருக்கீங்களா?"

சுமித்ரா வெடுக்கென்று திரும்பினாள். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரிந்ததிலிருந்து, நாலு வருசமாக.

"யாரைங்க சொல்றீங்க?"

"இவரைத்தாங் கண்ணு. பஸ்ஸு விட்டு எறங்குனதும் அந்தக் கல்லு மேல குந்திக்குவாரு. கா மணி நேரம். தண்ணி குடுத்தா வாங்கிக் குடிப்பாரு. வாயி இருந்துது, பேச்சுத்தான் இல்ல. ஆபீசுல கையெழுத்துக்குப் போனாலும் 'இங்க போடு'ன்னு வெரல்லதான் காட்டுவாரு. நீ மவளா சாமி?"

"ஆமாங்க. கீழ இவரு வாயை மூடறதுக்குச் சம்பளம் குடுத்து ஆள் வெக்கணுமுங்க."

"இவருக்கா? போ கண்ணு, பொய்யி சொல்லாத!"

சுமித்ரா சிரித்தாள். அன்னாசிக் குவியலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. பெருமாயியும் சேர்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் சுமித்ராவின் சிரிப்பு மட்டும் நின்றது, கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

(என் தரப்பு: பன்னிரண்டாவது வளைவுக்கு மேல் வாயைத் திறந்தால் வாந்தி வரும். அதனால் மூடிக்கொண்டேன். மூடியது அப்படியே மூடிக்கொண்டது. இதற்கு மேல் என் தரப்பு ஒன்றுமில்லை.)

திண்ணனூர் நாட்டுக்கு இன்னொரு வண்டி. அப்புறம் அரை மணி நடை. பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. சனிக்கிழமை. கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மணியைப் பார்த்தாள். எட்டு ஐம்பத்தெட்டு. போனில் குறித்துக்கொண்டாள்.

திரும்பும்போதுதான் பேசினாள். சன்னலைப் பார்த்துக்கொண்டே.

"ஊட்டுலயும் நீங்க பேசினதில்லீங்கப்பா. ராத்திரி எட்டரைக்கு வருவீங்க. ஷூவைக் கழட்டாம அரை மணி நேரம் நாற்காலில உக்காந்திருப்பீங்க. அம்மா எங்களை அடுப்படிக்குள்ள இழுத்துக்குவாங்க, 'அப்பாகிட்டப் போகாதீங்க, பஸ்ஸு இன்னும் எறங்கல'ன்னு. பஸ் கதையெல்லாம் நீங்க ஞாயித்துக்கிழமை டீக்கடைலதான் சொல்வீங்க. டீக்கடை அப்பாசாமி சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"எனக்கு ஞாபகம் இல்ல சாமி."

"உங்களுக்கு இருக்காதுங்கப்பா. நான் அதைத்தான் கேட்டேன். எட்டரை மணிக்கு மனுசன்ல எவ்வளவு மிச்சமிருக்கும்னு. உங்ககிட்டக் கேட்டா எனக்கு யானையும் குருவியும் சொல்றீங்க."

யானை நான் சொல்லவே இல்லை. ஆனால் அந்த இடத்தில் திருத்துவது நன்றாக இருக்காது என்று பட்டது.

ஆக, உண்மை விவரம் கிடைத்துவிட்டது. எழுதத் தெரியாமல் நான் தேடியதை, ஆறு வயதில் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். கதாசிரியனைவிடக் கதாபாத்திரத்துக்கு அதிகம் தெரிந்திருந்தால் அந்தக் கதையில் ஆசிரியனுக்கு என்ன வேலை?

5

ஒரு வேலை இருக்கிறது என்று நினைத்தேன்.

நான் வீட்டில் சும்மா இருக்கிற ஆள். மனைவி போய் நாலு வருசம். ஐந்து மணிக்குப் பிள்ளையை டீச்சரிடம் கூட்டிப்போய், எட்டு வரை நான் பழக்கினால்? நீங்கள் இதை மூன்றாம் பகுதியிலேயே யோசித்திருப்பீர்கள். 'இந்தக் கிழவன் எதுக்கு இருக்கான்?' என்று.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. ஆரோக்கியமேரி டீச்சர் வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுத்தார்.

"ரொம்ப சுலபமுங்க சார். டம்ளரைக் காட்டி 'இது பால்'னு சொல்லணும். மெதுவா. மறுபடி அதே மாதிரி 'இது பால்'. அம்பது தடவை, நூறு தடவை. குரல் மாறக் கூடாதுங்க. ஒரு வார்த்தை கூடக் கூடாதுங்க."

"இவ்வளவுதானா!" என்றேன்.

"இது பால்," என்றேன். மோனிஷா என் வாயைப் பார்த்தாள். "இது பால்." பார்த்தாள். "இது பால்." உதட்டைக் குவித்தாள். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். "இது பாலு கண்ணு! எப்பேர்ப்பட்ட பாலு! இந்தப் பாலைக் குடுத்த மாடு இருக்குதே, அது வாழவந்தி நாட்டுலருந்து நடந்தே..."

மோனிஷா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. தலைக்குக் கையைக் கொண்டுபோனாள். அந்த வட்டத்தைக் கழற்றி, என் உள்ளங்கையில் வைத்தாள். பாலை எடுத்துக் குடித்தாள்.

டீச்சர், "பழகிக்கலாமுங்க சார்," என்றார். அன்று சாயங்காலம் ஏழு தடவை முயன்றேன். நாலு தடவை வட்டம் என் கைக்கு வந்தது. வாசற்படியில் நின்று சுமித்ரா பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

(இந்தப் பகுதியிலும் பெருக்கல் இல்லை. பெருக்கினால் நன்றாக இருந்திருக்கும்: 'எழுபது தடவை' என்று போட்டு, சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நாலு தடவைதான்.)

6

முடிவுகள்.

முதல் முடிவு: சுமித்ரா மலைக்குப் போகிறாள். தாத்தா ஒரே வாரத்தில் திருந்தி, அளந்து பேசி, பிள்ளை கடகடவென்று பேசுகிறது. (என் நண்பர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். நானும்.)

இரண்டாம் முடிவு: விடுப்பு எழுதிக் கொடுக்கிறாள். லாரிக்கு மாதம் முழுக்க லோடு கிடைக்கிறது. (இளங்கோ இதைப் படித்தால், 'மாமா, எந்த ஊர்லீங்க?' என்பார்.)

மூன்றாம் முடிவு: மலைக்குப் போகிறாள். எட்டரைக்கு வருகிறாள். நாற்காலியில் உட்கார்கிறாள். நான் மோனிஷாவை

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அந்த நாற்காலி இன்னும் வீட்டில் இருக்கிறது.)

நாலாவது முடிவு இருந்தால் சொல்லுங்கள். மூன்று நாளாகத் தேடுகிறேன். இட்டுக்கட்டுவதில் இந்த மாவட்டத்திலேயே என்னை மிஞ்ச ஆளில்லை. பொய்யாகக்கூட ஒன்று கிடைக்கவில்லை.

7

இன்று திங்கட்கிழமை. நாளை காலை பத்து மணிக்குக் கலந்தாய்வு.

இரண்டு தாளையும் எழுதிவிட்டாள். மலைக்குச் சம்மதம் ஒன்று, விடுப்பு ஒன்று. இரண்டிலும் கையெழுத்து இருக்கிறது. எதைக் கொடுக்கப் போகிறாள் என்று முடிவு செய்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது முகம் அப்படி இருந்தது. என்னிடம் சொல்லவில்லை.

இப்போது மணி ஏழு நாற்பது. உள்ளறையில் அவளும் மோனிஷாவும். இன்றைக்குப் புதுச் சொல். "இது கதவு," என்கிறாள். கொஞ்சம் இடைவெளி. "இது கதவு." ஏற்றமில்லை, இறக்கமில்லை. அம்பதைத் தாண்டியிருக்கும். பிள்ளையிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. "இது கதவு."

முடிவு தெரிய வேண்டுமென்றால் நான் அவளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கூப்பிட்டால் எழுந்து வருவாள். பிள்ளை தூங்க இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.

நான் கூப்பிடப்போவதில்லை. நீங்களும் கூப்பிடாதீர்கள்.