வித்தியாசத்தை நான் பாத்துக்குறேன்

கட்டிலுக்கடியில் இரண்டு ராத்திரி சுருண்டு படுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர மாட்டேன் என்றது. தையல் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போடுகிறவள் அவள். நின்று வருகிற வலி பழக்கம்தான். தரையின் குளிர் எலும்புக்குள் இறங்கி வருகிற வலி புதிது. பொது வார்டில் நோயாளிக்குத்தான் கட்டில், கூட இருப்பவர்களுக்குத் தரை.

கட்டிலில் கிடந்த புருஷன் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். தூக்கித் தூக்கி அடிவயிற்றில் குடல் பிதுங்கி, ஒருநாள் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டு, வாந்தி எடுத்து விழுந்துவிட்டான். டாக்டர் கையால் அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு, மறுபடி சிக்கினால் குடல் அழுகிப் போகும் என்று சொல்லியிருந்தார். இன்று மதியம் ஆபரேஷன். அதற்குப் பிறகு மூன்று மாசம் கனமான எதையும் தொடக்கூடாது. தொட்டால் தையல் விட்டுப் போகும்.

அந்த மூன்று மாசச் சோற்றுக்கென்று ஐம்பதாயிரம் சேர்த்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவள் கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் கார்டு இருந்தது. சோறு வேறு, ஆஸ்பத்திரி வேறு என்று மனசுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தாள்.

காலையில் அண்ணன் வந்தார். லாரி டயர் கடை வைத்திருக்கிறவர். அவள் சுவரைப் பிடித்து எழுந்ததைப் பார்த்துவிட்டு என்னம்மா என்றார். இடுப்பு போச்சுண்ணே என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"என் தங்கச்சி தரையில படுக்கறதா? நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க?"

"அந்த நாலு பேரும் தரையிலதான் மச்சான் படுத்திருக்காங்க" என்றான் புருஷன். சிரித்ததில் வயிறு வலித்து முகம் கோணியது.

அண்ணன் காதில் வாங்கவில்லை. நேராகப் பணம் கட்டும் இடத்துக்குப் போனார். பின்னாலேயே இவளும் போனாள். தனி அறை ஒரு நாளைக்கு ஐயாயிரம். அங்கிருந்த பெண் கார்டு நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கார்டுக்கு அறை வாடகை இரண்டாயிரம் வரைக்கும்தான், வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும் என்றாள்.

"வித்தியாசத்த நான் பாத்துக்குறேன்" என்று அண்ணன் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நாலு நாளைக்குப் பன்னிரண்டாயிரம். என்ன, ஒரு டயர் காசு என்று அவளிடம் கையை விரித்துக் காட்டினார். கையெழுத்தும் அவரே போட்டார்.

மூன்றாவது மாடி அறையில் ஜன்னல் இருந்தது. கூட இருப்பவர் படுக்க மெத்தை போட்ட பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்ததும் இடுப்பு தானாக இறங்கிக் கொடுத்தது. சுகமாக இருந்தது. புருஷன் வலியில் கிடக்கும்போது தனக்கு என்ன சுகம் என்று கூச்சமாகவும் இருந்தது.

ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் இருக்கையில் இன்சூரன்ஸ் மேசையிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கிருந்தவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே தாளைப் புரட்டினார். அறை மாற்றினீர்களா என்று கேட்டார். ஆமாம், வித்தியாசத்தை எங்கள் அண்ணன் கட்டிவிடுவார் என்றாள்.

"எந்த வித்தியாசத்த?"

"வாடகை வித்தியாசம் சார். மூவாயிரம்."

பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அவர் அதைப் பார்த்தபடியே சொன்னார். "வாடகையில மட்டும் இல்லம்மா. ஐயாயிரத்துல ரெண்டாயிரம்தான் உங்களுக்கு உரிமை. அதாவது அஞ்சு பங்குல ரெண்டு பங்கு. டாக்டர் பீஸு, தியேட்டரு, நர்ஸு, எல்லாத்துலயும் அதே ரெண்டு பங்குதான் இன்சூரன்ஸ் கம்பெனி தரும். மருந்தும், குடல் பிதுங்காம உள்ள வச்சுத் தைக்கிற வலையும்தான் முழுசா வரும்."

அவளுக்கு முதலில் ஏறவில்லை. பிறகு சட்டென்று ஏறியது. தையல் கம்பெனியில் பத்து நிமிஷம் தாமதமாகப் போனால் பத்து நிமிஷக் கூலியையா பிடிக்கிறார்கள்? மாச போனஸ் பூராவும் போகும். அதே கத்தரி இது. இங்கேயும் வந்துவிட்டது.

எவ்வளவு வரும் என்று கேட்டாள். மருந்தும் வலையும் போக, வாடகையோடு சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆகும், இன்சூரன்ஸில் ஐம்பத்தாறாயிரம் கொடுப்பார்கள் என்றார்.

மீதி எண்பத்து நாலாயிரம்.

வார்டுக்கே திரும்பிப் போகிறோம் என்றாள். ஆபரேஷனுக்கு முன்னால் போய்விட்டால் வார்டுக் கணக்கிலேயே போட்டுவிடலாம், படுக்கை இருக்கிறதா கேளுங்கள் என்றார். இடுப்பு வலியை மறந்து ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறினாள். வார்டில் அவர்கள் இருந்த கட்டிலில் கால் உடைந்த ஒருத்தர் படுத்திருந்தார். அவர் மனைவி அதே இடத்தில், தரையில், பாயை விரித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஒன்று காலியாகும், அதுவரைக்கும் ஒன்றுமில்லை என்றாள் நர்ஸ். வார்டு நிறைந்திருந்ததால்தான் அறைக்குப் போனோம் என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டாள். நீங்களாகத்தானேம்மா கேட்டு வாங்கினீர்கள் என்றாள் நர்ஸ். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

சாயங்காலம் வரைக்கும் ஆபரேஷனைத் தள்ளிப் போடச் சொல்லலாம். மறுபடி மாடி ஏறினாள். அறை வாசலில் தள்ளுவண்டி நின்றது. புருஷனுக்குப் பச்சைத் துணி மாட்டியிருந்தார்கள். நெற்றியெல்லாம் வியர்வை.

"மறுபடியும் இழுக்குது" என்றான். "சீக்கிரம் முடிக்கச் சொல்லு."

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினாள். போயிட்டு வாங்க என்று மட்டும் சொன்னாள். வண்டி திரும்பியதும் அந்த மெத்தைப் பெஞ்சில் உட்காரப் பிடிக்காமல் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கதவு திறந்து டாக்டர் வெளியே வருகிற வரைக்கும், உயிருக்கு ஒன்றும் ஆகக்கூடாதே என்று ஒரு பயமும், பிழைத்து வந்தால் எதைத் தின்பது என்று ஒரு பயமும் மாறி மாறி வந்தன. இரண்டாவது பயம் வந்தபோதெல்லாம் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

குடல் தப்பியது.

நாலாம் நாள் அண்ணன் சட்டைப் பையிலிருந்து பன்னிரண்டாயிரத்தை எடுத்து வைத்தார். அவள் பில்லைக் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"நான் வாடகை வித்தியாசத்துக்குத்தானேம்மா வாக்கு குடுத்தேன். ஆபரேஷனுக்கா குடுத்தேன்?"

அவரை ஏமாற்றுக்காரர் என்று அவளால் நினைக்க முடியவில்லை. கடையில் அடுக்கியிருக்கும் டயரே கடன் சரக்கு என்று அவளுக்குத் தெரியும். அவர் பில்லை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார். தங்கச்சி முகத்தைப் பார்க்கவில்லை. உனக்காகத்தானேம்மா என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் வைத்த பன்னிரண்டாயிரத்தை அவள் எடுத்துக்கொண்டாள். இடுப்பு போச்சுண்ணே என்று சொன்ன வாய் அவளுடையதுதானே.

ஐம்பதாயிரம் அங்கேயே போனது. மிச்சத்துக்குக் கிடங்கு மேஸ்திரிக்குப் போன் போட்டாள். மேஸ்திரி பணத்தோடு வந்தார். வட்டி வேண்டாம், வேலைக்கு வந்து கழித்தால் போதும் என்றார். மூன்று மாசம் தூக்கக்கூடாது என்று அவள் சொன்னாள். சின்ன மூட்டையாகப் பார்த்துக் கொடுக்கிறேன் என்றார். கிடங்கில் சின்ன மூட்டை கிடையாது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. புருஷன் துண்டை அடிவயிற்றில் இறுக்கிச் சுற்றிக் கட்டினான். முடிச்சு தையல் மேல் உட்காராதபடி அவள் பக்கவாட்டில் தள்ளிவிட்டாள்.

"இறுக்கமா இருக்கா?"

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.

மேஸ்திரிக்கு இருபத்திரண்டாயிரம் பாக்கி.