பின்னிருக்கையில் கேட்ட சத்தம்

மெக்கானிக் டெரெக் எங்கள் பைக்கைத் தூக்கி நிறுத்தி, பின் சக்கரத்தை ஒற்றைக் கையால் சுழற்றிவிட்டு, ஆர்வோவைப் பார்த்துச் சிரித்தான். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. "கேட்டீங்களா? பூனை நடக்குற மாதிரி போகுது" என்றான். சத்தம் வருகிறது என்று சொன்னவள் நான். அவனுக்குக் கையெட்டும் தூரத்தில், ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தேன். கடைக்குள் நுழைந்ததிலிருந்து அவன் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

"என்ன சொல்றான்?" என்று ஆர்வோ என்னைக் கேட்டான்.

"சக்கரம் நல்லாயிருக்காம்" என்றேன்.

என் புருஷன் ஆர்வோ மர அறுவை ஆலையில் வேலை பார்த்தே தலை நரைத்தவன். ரம்பத்தின் இரைச்சல் அவன் காதில் பாதியைத் தின்றுவிட்டது. டாக்டர் சொல்வது, கடைக்காரி கேட்பது, பாதிரியார் வாசலில் விசாரிப்பது எல்லாம் என் வாய் வழியாகத்தான் அவனுக்குப் போய்ச் சேரும். ஆனால் காது கேட்கவில்லை என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டான். ஊரில் எல்லாரும் முணுமுணுக்கப் பழகிவிட்டார்கள் என்பான். சரி, அது அவன் பாடு. ஆனால் ஒரு வண்டியில் சத்தம் வருகிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல இந்தக் காதைத்தான் எல்லாரும் நம்புகிறார்கள் என்றால், எனக்கு எரிச்சல் வருமா வராதா?

முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு சக்கர பைக்கை நிறுத்திப் பிடிக்க அவனால் முடியவில்லை. அதனால்தான் இதை வாங்கினோம். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. அந்த ஒன்றை ஒரு ரப்பர் பெல்ட் சுற்றுகிறது. அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே உட்காருபவள் நான். பனி உருகி முதல் முறை வெளியே எடுத்தபோதே கேட்டது. காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி ஒரு உறுமல். நேர்ச்சாலையில் தணியும், வலது வளைவில் கூடும். சொன்னேன். பெல்ட்தான் என்றான் ஆர்வோ. சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தான். கத்துவது பெல்ட்டாக இருந்தால் ஈரம் காயும்வரை சும்மா இருக்கும். இது சும்மா இருக்கவில்லை. அதைச் சொன்னதும் பெல்ட்டை இன்னும் இழுத்துக் கட்டினான். மறுநாள் உறுமல் இரண்டு மடங்கானது. தனியாக ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "ஒண்ணுமே இல்ல மார்னி, உனக்குப் பிரமை" என்றான். முன்னால் உட்கார்ந்து, ஹெல்மெட்டுக்குள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனவனுக்கு வேறு என்ன கேட்கும்!

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பைக் சங்கத்து வண்டிகள் எல்லாம் கடல் மாதிரி விரிந்த எங்கள் ஏரியைச் சுற்றக் கிளம்புகின்றன. கனடா பக்கம் ஏறி, கரையோரமாகவே ஒரு வாரம். பனிக்காலம் முழுக்க நான் அந்த வரைபடத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்து, பாத்திரம் கழுவும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ, வெள்ளி மதியம் ஆகிவிட்டது.

டெரெக் பைக்கை இறக்கித் தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வந்தான். தனியாகத்தான். "ஆர்வோ, சத்தியமா ஒரு சத்தமும் இல்ல. பின்னாடி கார் டயர் போட்டிருக்கீங்கல்ல, அது லேசா முனகும். அவ்வளவுதான்."

"டயர் முனகுறது எனக்குத் தெரியும். இது வேற. நாங்க ரெண்டு பேரும் போகும்போதுதான் வருது" என்றேன்.

அப்போதுதான் திரும்பினான். "அதாவது மேடம், நீங்க ஏறினா சத்தம் வருது. இறங்கினா நின்னுடுது."

காபி இயந்திரத்தின் பக்கத்தில் எங்கள் சங்கத்து லாய்ட் நின்றிருந்தான். வேலை இருக்கிறதோ இல்லையோ, மதியமானால் இந்தக் கடைதான் அவனுக்கு வீடு. "அப்போ மாத்த வேண்டியது பேரிங் இல்லப்பா, பாஸ்டிய நிறுத்தணும்" என்றான். கல்லாவில் இருந்தவன் வாயைப் பொத்திக்கொண்டான். டெரெக் தரையைப் பார்த்துச் சிரித்தான். "என்ன சொல்றான்?" என்றான் ஆர்வோ. இதையும் நானேதான் அவனுக்குச் சொல்ல வேண்டுமாம்.

எனக்குக் காது மடல் வரை சூடேறியது. நான் பருமன்தான், மறைக்க ஒன்றுமில்லை. மாவுக்குள் கறி அடைத்துச் சுடுகிற அந்த பாஸ்டியைத் தேவாலயத் திருவிழாவில் என் கையிலிருந்து வாங்கி மூன்று மூன்றாகத் தின்றவன்தான் இந்த லாய்ட். ஆனால் அந்தக் கோபத்துக்கு நடுவிலேயே ஒன்று பளிச்சென்று புரிந்தது. என்னைக் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டு இவர்கள் வண்டியின் நோயைச் சொல்லிவிட்டார்கள். எடை ஏறினால் சத்தம் வருகிறது. தூக்கி நிறுத்தினால் எடை இல்லை. தனியாக ஓட்டினால் எடை போதவில்லை. பெல்ட்டை இழுத்துக் கட்டினால் பாரம் கூடுகிறது, சத்தமும் கூடுகிறது. சக்கரத்துக்குள் எதுவோ பாரம் தாங்காமல் அரைபடுகிறது.

"டெரெக், நீ பின்னாடி ஏறு. ஆர்வோ ஓட்டட்டும். உன் காதாலயே கேளு" என்றேன்.

அவன் என்னைப் பைத்தியக்காரியைப் போலப் பார்த்தான். "நானா? பின்னாடியா?"

"லாய்ட், அப்போ நீ ஏறு."

"ஆம்பளைக்குப் பின்னால ஆம்பளை உக்காந்து இந்த ஊர்ல எங்கயாச்சும் பாத்திருக்கியா மார்னி? அப்புறம் நான் வெளிய தலைகாட்ட முடியுமா?"

இதுதான் விஷயம். இத்தனை பைக் ஓடுகிற ஊரில் பின்னிருக்கையில் ஒரு ஆண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அது எங்கள் இடம், பெண்பிள்ளைகள் இடம். அங்கே வருகிற சத்தம் எங்களுக்கு மட்டும்தான் கேட்கும். நாங்கள் சொன்னால் பிரமை. விழுந்து செத்தால் விபத்து!

"ஞாயித்துக்கிழமை நான் இதுல ஏற மாட்டேன்" என்று ஆர்வோவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

அவன் முகம் சிறுத்துவிட்டது. "அப்போ நான் மட்டும் போறேன். டெரெக்கே நல்லாயிருக்குன்னு சொல்லிட்டான்."

போவான். எனக்குத் தெரியும். நான் சுவரில் பார்த்த ஏரியை அவன் மட்டும் சுற்றுவான், என் இடத்தில் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு. எங்கேயோ ஒரு வலது வளைவில் அந்தச் சக்கரம் கழன்றால் எனக்குத் தொலைபேசி வரும். கையை நீட்டி அவன் விரலிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். வசந்தத்தில் கல்லூரி மைதானத்தில் மூன்று சக்கர உரிமத்துக்கு நான் பயிற்சி எடுத்தபோது, உனக்கெதுக்கு இது என்று சிரித்தவன்தான். முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.

"வா. பின்னாடி ஏறு."

"மார்னி, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். பொண்டாட்டி பின்னாலதானே உக்காரப்போற? வளைவு வரைக்கும் போய்ட்டு வந்துடுவோம். அதுக்கப்புறமும் ஒண்ணுமில்லன்னு நீ சொன்னா, ஞாயித்துக்கிழமை நான் வாயத் தொறக்காம வரேன்."

லாய்ட் கண்ணாடிக் கதவருகே வந்து நின்றுகொண்டான். ஆர்வோ அவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் என்னவோ முனகிக்கொண்டு, அந்த முட்டியை மடக்கி ஏறினான். கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் என் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டான்.

ஏரிக்கரைச் சாலையில் வேகம் எடுத்ததும் உறுமல் தொடங்கிவிட்டது. முன்னால் அது மெல்லியதாகத்தான் கேட்டது. இவர்களுக்கு ஏன் கேட்பதில்லை என்பதும் புரிந்தது. "எனக்கு ஒண்ணும் கேக்கல!" என்று பின்னாலிருந்து கத்தினான். வலது வளைவு வந்தது. வேகத்தைக் குறைக்காமல் திருப்பினேன். சட்டை நுனியைப் பிடித்திருந்த கை சட்டென்று என் இடுப்பைச் சுற்றி இறுகியது. காதில் கேட்காதது அவன் முதுகெலும்பில் ஏறியிருக்க வேண்டும்.

"நிறுத்து மார்னி. ஐயோ, நிறுத்து."

நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு திரும்பினோம். கடை வரும்வரை அவன் என் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. டெரெக் முணுமுணுத்துக்கொண்டே சக்கரத்தைக் கழற்றினான். பெல்ட் பக்கத்துப் பேரிங் வெளியே வரும்போதே துருப்பொடி கொட்டியது. உள்ளேயிருந்த உருண்டைகளில் இரண்டு உடைந்திருந்தன. லாய்ட் காபியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. டெரெக் அதைத் துணியில் ஏந்தி மேசைக்குக் கொண்டுவந்தான். என்னைத் தாண்டி நேராக ஆர்வோவின் முன்னால் வைத்தான்.

"நல்லவேளை ஆர்வோ, நீங்க கண்டுபுடிச்சீங்க. இதோட ஏரியச் சுத்தியிருந்தா நெனச்சே பாக்க முடியல."

ஆர்வோ வழக்கம்போல என் பக்கம் திரும்பினான். "என்ன சொல்றான்?"

"உங்க பொண்டாட்டி கண்டுபுடிச்சாங்களேன்னு சொல்றான்" என்றேன், கல்லாவில் இருப்பவனுக்கும் கேட்கும்படி.

டெரெக் வாயைத் திறந்தான். ஆர்வோ அவனைப் பார்த்து, ஆமாம் என்பது போல மெதுவாகத் தலையை ஆட்டினான். டெரெக் வாயை மூடிக்கொண்டு புதுப் பேரிங் எடுக்க உள்ளே போனான்.

வண்டி தயாரானதும் வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். சாவி இன்னும் என்னிடம்தான் இருந்தது. நான் முன்னிருக்கையில் ஏறி இன்ஜினைப் போட்டேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் லாய்டும் டெரெக்கும் நின்றிருந்தார்கள். ஆர்வோ ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, எனக்குப் பின்னால் காலியாக இருந்த இருக்கையையே பார்த்துக்கொண்டு வாசல்படியில் நின்றான்.