ஆயில் வாயில் வைத்த கை

1

பேச்சி வந்து கேட்டிராவிட்டால் இந்தக் கதையை எழுதியிருக்க மாட்டேன். எட்டு வருஷம் இதை எழுதாமல்தான் இருந்தேன். அதற்குள் என் கதைகள் பதினொன்று அச்சில் வந்துவிட்டன. மூட்டை தூக்குகிறவன், கிணறு வெட்டுகிறவன், கல் உடைக்கிறவள் என்று பலரையும் எழுதியாயிற்று. ஒரு மெக்கானிக்கைக்கூட எழுதவில்லை. இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பேச்சி கவனித்திருக்கிறாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் வந்தாள். சங்கரன்கோவில் தறிக்காரர்களுக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறவள். விரலிடுக்கெல்லாம் நூல் அறுத்த கோடு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, பூமாரியைப் பொண்ணு பார்க்க புளியங்குடியில இருந்து வந்தாவ. காப்பியெல்லாம் குடிச்சாச்சு. எந்திரிச்சுப் போகையில ஒருத்தி கேக்கா, 'இது அந்தக் கைலி மெக்கானிக் மகளாட்டி'ன்னு. மத்தவளுக சிரிக்காளுவ. எம் பிள்ளை உள்ள நின்னு கேட்டுக்கிட்டு இருக்கு."

மேஜைமேல் கிடந்த தாள்களை அடுக்கினேன்.

"அவுகளுக்குத் தொழில் தெரியாதா அண்ணாச்சி? நீங்க பக்கத்துலதான நின்னீய? ஊர்ல உள்ளவனையெல்லாம் எழுதுதிய. எங்க வீட்டு ஆளை எழுதக் கூடாதா?"

அவளுடைய வீட்டு ஆள் பெயர் மூக்காண்டி. ராஜபாளையம் ரோட்டில் ஓலைக் கூரை போட்ட ஒர்க்ஷாப் வைத்திருந்தான். என் பிக்கப்புக்கு எஞ்சின் மாற்றி ஓட்டிப் பார்த்த அன்று செத்துப்போனான்.

2

தொடக்கம் வரவில்லை. எழுதி அடித்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

முதலாவது: *1980ஆம் வருஷம் ஆடி மாதம். வானம் ஈயத் தகடு போல* —

(வானத்தை நான் பார்க்கவே இல்லை. இது கதை எழுதுகிறவன் கைப்பழக்கம்.)

இரண்டாவது: *மூக்காண்டி ஒரு மேதை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே* —

(மேதை இல்லை. ஒரு நட்டை முறுக்கிவிட்டுப் போனால், திரும்பி வந்து இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை குடிப்பான். கோபம் வந்தால் ஸ்பேனரை எறிவான், பிறகு அவனே போய்ப் பொறுக்கி வருவான். மேதை என்று எழுதினால் படத்துக்கு மாலை போட்ட கணக்காகிவிடும். பேச்சி மாலை கேட்கவில்லை.)

மூன்றாவது: *வேல்சாமி என்பவரிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது.*

இது நிற்கிறது. ஆனால் வேல்சாமி நான்தான். 'என்பவர்' என்று போட்டு எட்ட நிற்கப் பார்த்திருக்கிறேன். திருத்துகிறேன்: என்னிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது.

3

ஐம்பத்தேழாம் வருஷத்து வண்டி. முன்பக்கம் ஜீப், பின்பக்கம் திறந்த பெட்டி. புளியங்குடி மார்க்கெட்டில் பதினாறு வருஷம் எலுமிச்சை மூட்டை தூக்கியவன் நான். அந்த மூட்டைகளைக் கோவில்பட்டிக்கு ஏற்றிப்போக நானே ஒரு வண்டி வாங்கியபோது, என் பிடரியில் இருந்த காய்ப்பை ஒருவரும் பார்க்கக் கூடாது என்று காலர் வைத்த சட்டை தைத்துக்கொண்டேன்.

வண்டி பெட்ரோல் எஞ்சின். அந்த வருஷங்களில் பெட்ரோல் விற்ற விலைக்கு, கோவில்பட்டி போய்த் திரும்பினால் கையில் சட்டைக் காலர்தான் மிஞ்சும். ஊருக்கு ஊர் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பழைய டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது.

"ஏத்திரலாம் வே" என்றான் மூக்காண்டி. "எஞ்சின் உட்காருத மவுண்டிங்கை வெட்டி வெல்டு வைக்கணும். முன்னால ரெண்டு ஸ்பிரிங் பட்டை கூடப் போடணும், டீசல் கனம் தாங்காது. ரேடியேட்டரை நாலு விரக்கடை முன்ன தள்ளணும். அதெல்லாம் என் பாடு. எஞ்சின் நல்லதா வாங்கணும். மதுரைக்கு நானும் வாரேன்."

"நீரு எதுக்கு? நான் பார்த்து வாங்கிட்டு வந்திருதேன்."

"ஒமக்கு எஞ்சினுக்கும் ஆட்டுரலுக்கும் வித்தியாசம் தெரியுமா?"

"சொல்லிக் கொடும் வே. படிச்சுக்கிடுதேன்."

சொல்லிக் கொடுத்தான். ஓடுகிற எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்க வேண்டும். அந்த வாய்மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். "மூச்சு மாதிரி லேசா வந்தா சரி. குப்குப்புன்னு புகை தள்ளி, கையில ஆயில் தெறிச்சுதுன்னா உள்ள பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். சும்மா கொடுத்தாலும் தொடாதேயும். ஏன்னு கேளும்."

"ஏன்?"

"ரிங் தேஞ்ச டீசல் எஞ்சின் சூடேறிச்சுன்னா தன் ஆயிலைத் தானே குடிச்சு ஓடும். பிறகு நீரு நிப்பாட்ட முடியாது."

(இந்த உரையாடல் நடந்தது. கதைக்காகச் செய்தது இல்லை. 'தொழில் தெரியாதவன்' என்று சொல்லப்பட்ட மனிதன், எந்தக் கோளாறில் செத்தானோ அதை மூன்று வாரம் முன்பே எனக்குச் சொல்லியிருந்தான்.)

4

மதுரையில் பழைய எஞ்சின் விற்கிற கடை. ஓட்டிக் காட்டினார்கள். மூடியைத் திறந்து கையை வைத்தேன். லேசாக மூச்சு மாதிரி வந்தது. கை சுத்தமாக இருந்தது. வாங்கினேன்.

5

எஞ்சினை உட்கார வைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. ஸ்டார்ட் செய்கிற அன்று தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினோம். பக்கத்துப் பஞ்சர் கடை ஜெயசிங், டீ குடிக்க வந்தவர்கள், ரோட்டில் போனவர்கள் என்று இருபது பேர் இருக்கும்.

"ஏ மூக்காண்டி, பறக்குமால?" என்றார் ஜெயசிங்.

"ஒம்ம பஞ்சர் கடைமேல ஏறாம இருந்தாச் சரி."

எல்லோரும் சிரித்தார்கள். எஞ்சின் பிடித்தது. பத்து நிமிஷம் நன்றாகத்தான் ஓடியது. மூக்காண்டி என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினான். சந்தோஷம் என்றால் அவனுக்கு அவ்வளவுதான்.

பிறகு யாரும் தொடாமலே சத்தம் ஏறியது. அவன் ஸ்டாப் கம்பியை இழுத்தான். நிற்கவில்லை. டீசல் பைப்பைக் கழற்றிவிட்டான். டீசல் தரையில் ஒழுகுகிறது, எஞ்சின் இன்னும் வேகமாகப் போகிறது. வெள்ளையும் நீலமுமாகப் புகை கூரையை மூடியது. பிக்கப் ஜாக்கியின் மேல் உதறியது.* சனம் ஓடியது.

மூக்காண்டி ஓடவில்லை. ஏர் பில்டர் இன்னும் மாட்டவில்லை, எஞ்சின் காற்று இழுக்கிற வாய் திறந்து கிடந்தது. அதை அடைக்கச் சுற்றிலும் துணி தேடினான். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. இடுப்புக் கைலியை அவிழ்த்து, சுருட்டி, இரண்டு கையாலும் அந்த வாயில் திணித்தான்.

எஞ்சின் இருமியது. அந்த நேரத்தில்தான் ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றுகிற ஃபேனின் இறக்கை ஒன்று பிய்த்துக்கொண்டு வந்து அவன் கழுத்துக்குக் கீழே அடித்தது. விழுந்த பிறகும் துணியிலிருந்து கையை எடுக்கவில்லை. எஞ்சின் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவனும்.

*லாரி ஓட்டுகிறவர்கள் கேட்பார்கள்: கியரில் போட்டு பிரேக்கை மிதித்து அணைத்திருக்கலாமே? பின்சக்கரத்துக்குப் போகிற ஷாப்டு இன்னும் மாட்டவில்லை. அதனால் முடியாது. அவன் செய்வதற்கு மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதைச் செய்தான்.

6

அவன் செத்துப் பதினாறு நாள்கூட ஆகவில்லை. ஜெயசிங் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டத் தெரியலங்கேன். பேய் பிடிச்சவன் மாதிரி கைலியை அவுத்து எஞ்சினுக்குள்ள அடைக்கான். வெறும் டவுசரோட நிக்காம்லா!"

"எஞ்சினுக்குக் குளிருச்சோ என்னமோ" என்றான் ஒருவன்.

சிரிப்பு. ஜெயசிங் கெட்டவர் இல்லை. மூக்காண்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றியதே அவர்தான், அவர் வேட்டியெல்லாம் ரத்தம். பார்த்ததைச் சொன்னார். பார்த்தது அவருக்கு விளங்கவில்லை. அப்படித்தான் 'கைலி மெக்கானிக்' என்ற பெயர் புறப்பட்டது. நானும் அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

7

இங்கே கதைக்கு வேறு முடிவு தரலாமா என்று பார்த்தேன்.

ஒன்று. ஒரு லாரி டிரைவர் அந்த வழியாக வருகிறார். ஈரச் சாக்கை எடுத்துக் காற்று வாயை மூடுகிறார். எஞ்சின் அணைகிறது. எல்லோரும் கலர் சோடா குடிக்கிறார்கள். இந்த டிரைவரை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மீசை வைத்தேன், ஊர் இளையரசனேந்தல் என்று போட்டேன். பிறகு கிழித்துவிட்டேன்.

அவர் நிஜத்தில் உண்டு. வந்தது இரண்டு வருஷம் பிந்தி, கோவில்பட்டியில், ஒரு டீக்கடையில். நடந்ததைச் சொன்னேன். "சரியாத்தான் செஞ்சிருக்காரு" என்றார். "காத்தை அடைக்கதைத் தவிர வேற வழியே கிடையாது. நானா இருந்தா ஓடியிருப்பேன். நல்ல மெக்கானிக் வே அவரு." கிளாசை வைத்துவிட்டுக் கேட்டார்: "ஆமா, ரிங் போன எஞ்சினை எவன் வாங்கிக் கொடுத்தது?"

டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவர் சொன்ன முதல் பாதியை ஊரில் சொல்லியிருந்தால் போதும், மூக்காண்டி பெயர் நிமிர்ந்திருக்கும். ஆனால் முதல் பாதியைக் கேட்கிறவன் இரண்டாம் பாதியையும் கேட்பான்.

இன்னொரு முடிவு: நான் ஓடாமல் நின்று, அவனைப் பின்னால் இழுத்து —

(எழுதவில்லை. பேச்சி நினைக்கிற மாதிரி நான் பக்கத்தில் நிற்கவில்லை. ரோட்டைத் தாண்டி, சுவருக்குப் பின்னால் நின்றேன்.)

8

நான்காம் பகுதியைத் திருத்தி எழுதுகிறேன்.

மதுரையில் பழைய எஞ்சின் விற்கிற கடை. உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் எழுந்து, "வாங்க முதலாளி" என்றார். துண்டால் ஒரு நாற்காலியைத் தட்டிப் போட்டார். கலர் வாங்கிவரச் சொன்னார். அதுவரை எந்தக் கடையிலும் யாரும் எனக்கு நாற்காலி போட்டதில்லை. மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறேன், படியில் உட்கார்ந்திருக்கிறேன். சாய்ந்துகொள்ள முதுகு வைத்த நாற்காலியில், கையில் பாட்டிலோடு, காலர் வைத்த சட்டையில் உட்கார்ந்திருந்தேன்.

எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். மூடியைத் திறந்து கையை வைத்தேன். குப்குப்பென்று தள்ளியது. உள்ளங்கை முழுக்க ஆயில்.

கடைக்காரர் சிரித்தார். "ரொம்ப நாள் ஓடாம கிடந்தது முதலாளி, அதான். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு நாளை வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த மனிதர் முகத்தில் என்னைப் பற்றி ஒன்று மாறும். அவ்வளவுதான் நஷ்டம். அதை என்னால் தாங்க முடியவில்லை. "தெரியும், தெரியும்" என்றேன். கையை அவர் கொடுத்த வேஸ்ட் துணியில் துடைத்தேன்.

எஞ்சின் ஊருக்கு வந்ததும் மூக்காண்டி கேட்டான்.

"கையை வச்சுப் பார்த்தீரா?"

"பார்த்தேன்."

"என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரலை. சுத்தம்."

அவன் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கக் கிளம்பினான். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வண்டி ஓட வேண்டும், எட்டு நாள் வீணாகும் என்று நான்தான் தடுத்தேன். "நீரு சொன்னாச் சரி" என்றான். அவன் தொழிலில் செய்த தப்பு ஒன்று உண்டென்றால் அது இதுதான்: என் பேச்சை நம்பினான்.

9

இதை இன்னும் பத்திரிகைக்கு அனுப்பவில்லை. முதலில் பேச்சியிடம் கொண்டுபோகிறேன். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். தார் சுற்றுகிற கையை நிறுத்திவிட்டு வாசிக்க நேரம் பிடிக்கும். எட்டாம் பகுதிக்கு வரும்வரை நான் அங்கே நிற்கவேண்டும். இந்தத் தடவை ரோட்டைத் தாண்டிப் போகக் கூடாது.

வாசித்துவிட்டு ஏதாவது சொல்வாள். அதை இப்போதே எழுதிப் பார்த்தேன். ஐந்து விதமாக எழுதினேன். ஐந்திலும் கடைசியில் என்னை மன்னித்துவிடுகிறாள். எழுதுகிறவன் நான்தானே, வேறு எப்படி வரும்? ஐந்தையும் அடித்துவிட்டேன்.

ஆகவே முடிவு இங்கே இல்லை. இது அச்சில் உங்கள் கைக்கு வந்திருந்தால், "போடுங்க" என்று பேச்சி சொல்லியிருக்கிறாள் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு முன் என்ன சொன்னாள், பூமாரியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாளா, என் முகத்தில் துப்பினாளா, அது உங்களுக்கு வேண்டாம். உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலோ புளியங்குடியிலோ யாராவது கைலி மெக்கானிக் கதையைச் சொல்லிச் சிரித்தால், இனி நீங்களும் உண்மை தெரிந்து பக்கத்தில் நிற்கிற ஆள். நான் எட்டு வருஷம் அப்படி நின்றேன். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?