ஒயரில் உட்கார்ந்த காக்கா

"சம்பந்தியம்மா, நான் எதையும் தொடலைங்க."

போனை எடுத்ததும் காதில் விழுந்த முதல் வார்த்தை இதுதான். நலமா, சாப்பிட்டீர்களா, எதுவும் இல்லை. நான் தொலைபேசி அலுவலகத்தில் புகார் பிரிவில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவள். "எதையும் தொடலை" என்று ஆரம்பிக்கிறவர் எதையோ தொட்டிருப்பார் என்பது எனக்குச் சம்பளத்தோடு கிடைத்த பாடம். ஆனால் பேசுகிறவர் என் மருமகளுடைய அப்பா. சம்பந்தியிடம் போய் "உண்மையைச் சொல்லுங்கள்" என்று கேட்க முடியுமா?

"எதைத் தொடலைங்க?" என்றேன்.

"வைஃபை பெட்டியை. அதுவா போயிடுச்சு. ஒரு விளக்கு சிவப்பா மின்னிக்கிட்டே இருக்கு. வீட்டம்மா பக்கத்துல இருக்காளா?"

"இல்லைங்க, கார் ஓட்டப் போயிருக்காங்க. அஞ்சு மணிக்கு வந்துடுவாங்க."

"நல்லதாப் போச்சு. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

அந்த 'அவள்' எங்கள் வீட்டுக்கு வந்து நாலு வாரம் ஆகிறது. ஐம்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். சொந்த ஊரில் கற்றுக்கொண்டால் என்ன என்று கேட்டதற்கு, "தெரிஞ்சவங்க முன்னாடி வண்டி நின்னு போனா மானம் போயிடும் அக்கா, உங்க ஊர்ல என்னை யாருக்குத் தெரியும்" என்றார். வெள்ளிக்கிழமை லைசென்ஸ் பரீட்சை. அன்றைக்குப் புதன்.

சம்பந்தி ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். அவரிடம் படித்த பிள்ளைகள் வைத்த பெயர் 'விசில்'. மனைவி கிளம்பும்போது, "ஒரு மாசம் தனியா இருந்து காட்டறேன்" என்று மார் தட்டினார். அந்த அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லிப் பரிசோதனை நடக்கும். அடுப்பைக் காட்டுங்க, ஃபிரிட்ஜைத் திறங்க, செடிக்குத் தண்ணி ஊத்தினீங்களா. அவரிடம் இருப்பது பழைய பட்டன் போன். படம் வரவேண்டுமென்றால் வைஃபையில் ஓடும் டேப்தான் கதி.

அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, படம் வரவில்லை. "டேப்ல சார்ஜ் இல்ல" என்று பட்டன் போனில் சொல்லித் தப்பித்துவிட்டார். அந்த அம்மா நம்பவில்லை. புதன் காலையிலேயே துணிமணியைப் பையில் அடைத்து வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"இன்னிக்கும் அவர் முகம் தெரியலைன்னா நாளைக் காலை ரயிலுக்குக் கிளம்பிடறேன் அக்கா. மனுஷன் எதையோ மறைக்கறார். லைசென்ஸ் எங்க ஓடிடப் போகுது, அப்புறம் எடுத்துக்கலாம்."

அந்த வயதில் 'அப்புறம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானும் நீச்சல் கற்றுக்கொள்வதை அப்படித்தான் தள்ளிப் போட்டேன்.

மணியைப் பார்த்தேன். மூன்றே முக்கால்.

"கம்பெனிக்குப் போன் போட்டீங்களா?"

"போட்டேன். ஒரு பொண்ணு ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்னு அரை மணி நேரம் பேசிச்சு. கடைசியில நாப்பத்தெட்டு மணி நேரத்துல ஆள் வருவாராம். மாப்பிள்ளை இருந்தா சொல்லுவாருன்னுதான் உங்களுக்குப் போட்டேன்."

"அவன் ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கான், எடுக்க மாட்டான். நாமளே பாத்துடுவோம்."

"உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா சம்பந்தியம்மா?"

"பெட்டி புதுசுங்க. புகார் பழசுதான்."

புகார் பிரிவில் ஒரு தந்திரம் உண்டு. 'பிளக் சொருகி இருக்கா' என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரும். என்னை என்ன மடையன்னு நினைச்சியா என்பார்கள். அதனால் தூசி மேல் பழி போடவேண்டும்.

"ஒண்ணும் இல்லைங்க, பிளக்ல தூசி அடைஞ்சிருக்கும். உருவி, ஊதிட்டு, மறுபடி சொருகுங்க. பெட்டி எங்க இருக்கு?"

"மேஜைக்கு அடியில. சுவரோரமா."

"குனியணுமே."

"நான் இன்னும் தினம் இருபது தண்டால் எடுக்கறேன்," என்றார். அடுத்த நொடியே மளுக் என்று ஒரு சத்தம்.

"என்ன சத்தங்க?"

"நாற்காலி."

"பாவம், நாற்காலிக்கும் முட்டி வலி போல."

கொஞ்ச நேரம் கழித்து, "உருவிட்டேன், ஊதிட்டேன், சொருகிட்டேன்" என்று டிரில் சொல்லிக் கொடுப்பது மாதிரி வந்தது. உருவின சத்தமும் இல்லை, ஊதின மூச்சும் இல்லை.

"உருவினப்ப விளக்கெல்லாம் அணைஞ்சுதுங்களா?"

இழுத்து மூச்சுவிட்டுக்கொண்டு ஏதோ நகர்த்தினார்.

"இப்போ அணைஞ்சுது."

"இப்போ சொருகிட்டு ரெண்டு நிமிஷம் பொறுங்க."

ரெண்டு நிமிஷம் கழித்தும் சிவப்பு சிவப்பாகவே மின்னியது.

சிவப்பு மின்னினால் கோளாறு பெட்டியில் இல்லை, வெளியிலிருந்து வருகிற ஒயரில் என்று என் மகன் எங்கள் வீட்டில் ஒரு முறை சொன்னது ஞாபகம் இருந்தது. அதனால் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"நேத்தும் இப்படித்தான் இருந்துச்சா, நடுவுல வந்து போச்சா?"

"அதுதான் எனக்கே ஆச்சரியம். ராத்திரி படுக்கப் போறப்ப பாத்தா பச்சையா எரியுது. காலைல எட்டு மணி வரைக்கும் பச்சை. ஒம்பது மணிக்கு மறுபடி சிவப்பு."

"எட்டுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை."

இந்த 'ஒண்ணும் பண்ணலை' வந்த வேகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, என்னவோ பண்ணியிருக்கிறார். எப்படிக் கேட்பது என்று நான் யோசிக்கும்போதே, "இருங்க, தூறுது" என்று போனை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடினார்.

தனியாக இருக்கிற ஆண்பிள்ளை தூறலுக்கு எதற்கு ஓடவேண்டும்? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பால்கனிக் கதவு இழுபட்டது. பிறகு டக், டக், டக் என்று சின்னச் சின்ன சத்தம். எட்டு எண்ணினேன். மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"சம்பந்தியம்மா, பச்சை வந்துடுச்சு. உங்க கைராசி."

"நான் இங்க இருக்கேன், என் கை எப்படி அங்க வரும்? எதுக்குங்க ஓடினீங்க?"

"சும்மா. கதவைச் சாத்த."

"சாத்தின மாதிரி இல்லையே, திறந்த மாதிரின்னா இருந்துச்சு."

"திறந்து சாத்தினேன்."

அதற்குமேல் தோண்டவில்லை. பச்சை வந்துவிட்டதே, ஐந்து மணிக்குப் படம் வந்தால் போதும் என்று போனை வைத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடி மணி அடித்தது.

"சம்பந்தியம்மா, நான் எதையும் தொடலை. மறுபடி சிவப்பு."

"தூறல் விட்டுடுச்சுங்களா?"

"விட்டுடுச்சு. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு முழுப் படமும் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததைச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறதே. பள்ளிக்கூடமே நடுங்கிய மனிதர். 'நீங்க துணி காயப்போட்டீங்களா' என்று மகளுடைய மாமியார் கேட்டால் அவர் முகம் எங்கே போகும்? தூசிமேல் பழி போட்டது போல இப்போதும் யார் மேலாவது போடவேண்டும்.

"பால்கனி வழியா ஒரு கறுப்பு ஒயர் வருதுங்களா?"

"வருது. மெல்லிசா. தெருக் கம்பத்துலேருந்து."

"அது மேல காக்கா எதாவது உக்காருதா?"

குரல் இறங்கி வந்தது.

"உக்காருது."

"பெரிய காக்காவா?"

"சுமாரா... ஒரு போர்வை அளவுக்கு இருக்கும்."

"ஒண்ணுதானா?"

"நாலு. ரெண்டு சின்னது, கை வச்சது. எல்லாம் ஈரமா இருக்கு."

சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். "காக்கா உக்காந்தாக்கூட அந்த ஒயர் தாங்குமே. தொய்யாம இருக்க எங்கேயாவது இழுத்துக் கட்டியிருக்கா?"

"தொங்கலா இருந்துச்சுங்க. பாக்க நல்லா இல்லை. ஜன்னல் கம்பியில ரெண்டு சுத்து சுத்தி விறைப்பா வச்சேன்."

டிரில் மாஸ்டர் அல்லவா. ஒயர்கூட விறைப்பாக நிற்கவேண்டும்.

"அங்கதாங்க கோளாறு. அதுக்குள்ள ஓடறது வெளிச்சம். ஈரக் காக்கா உக்காந்து இழுக்கிறப்ப அந்தச் சுத்து இறுகி ஒயர் மடங்குது, வெளிச்சம் நின்னுடுது. காக்கா பறந்தா மறுபடி வருது. நாலையும் விரட்டிட்டு அந்த ரெண்டு சுத்தையும் மெதுவா பிரிங்க. இழுக்காதீங்க."

டக், டக், டக் என்று துணி கிளிப்புகள் கழன்றன. இந்த முறை ஒளிவுமறைவு இல்லாமல் கேட்டது.

"பச்சை," என்றார். கூடவே, "சம்பந்தியம்மா, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள."

"நான் எதையும் கேக்கவே இல்லைங்களே. அந்தக் காக்காவையெல்லாம் கேமரா கண்ணுல படாத பக்கமா நாற்காலி மேல போட்டுடுங்க."

நாலு ஐம்பது. ஐந்துக்கு அந்த அம்மா வந்தார். முகம் வாடியிருந்தது. வந்ததும் பையைத்தான் பார்த்தார்.

"ரிவர்ஸ் எடுக்கறப்ப மூணு தடவை கோட்டைத் தாண்டிட்டேன் அக்கா. ஊருக்கே போயிடலாம் போல இருக்கு."

என் டேப்பை நீட்டினேன். முதல் மணியிலேயே சம்பந்தி முகம் பளிச்சென்று வந்தது. தலை வாரி, சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க உட்கார்ந்தவர் போல.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"அடுப்பைக் காட்டுங்க."

காட்டினார். துடைத்திருந்தது.

"செடி?"

காட்டினார். நனைந்திருந்தது.

"அப்படியே கூடத்தைச் சுத்திக் காட்டுங்க."

இதை நான் யோசிக்கவில்லை. கேமரா கண்ணில் படாத பக்கம் என்று சொன்னேனே தவிர, கேமராவையே திருப்பச் சொல்வார் என்று தோன்றவில்லை. சம்பந்தி வீட்டில் மனைவி உத்தரவுக்குப் பணிந்து பழகியவர்; மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் திருப்பிவிட்டார்.

"அது என்ன நாற்காலி மேல, வெள்ளையா?"

"காக்கா," என்றேன் நான்.

"காக்கா," என்றார் அவரும், அதே நேரத்தில்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "ஓ. வெள்ளைக் காக்கா மல்லாக்கப் பறக்குதா அங்க? ரெண்டு பேருக்கும் ஒரே காக்கா தெரியுது. என்னங்க, அது போர்வைதானே?"

"ஆமா."

"யார் துவைச்சது?"

அவர் டேப்பைத் தன் பக்கம் திருப்பினார். நெற்றி வியர்த்திருந்தது. "நான்தான்."

"நீங்களா? மெஷின்லயா?"

"அதுல எந்தப் பட்டன்னு தெரியலை. கையாலதான். மூணு வாரமா. முதல்ல குளியலறைக் குழாய் மேல குவிச்சுப் போட்டேன், நாத்தம் அடிச்சுது. நேத்துலேருந்து பால்கனியில வந்த ஒயர்ல போட்டேன். அதுல நெட்டு போயிடுச்சு. சம்பந்தியம்மாதான் சரி பண்ணிக் குடுத்தாங்க."

"கொடிதான் இருக்கே. குளியலறைக் கதவுக்குப் பின்னால, சுவத்துல மடக்கி வச்சிருக்கே. கதவைச் சாத்தினா தெரியுமே."

"வீட்டுல நான் ஒருத்தன்தான் இருக்கேன். கதவை எதுக்குச் சாத்தணும்?"

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. டேப்பை முகத்துக்குக் கிட்டே இழுத்தார்.

"முப்பத்தாறு வருஷத்துல ஒரு கைக்குட்டை நனைச்சதில்லையே நீங்க. இதை ஏன் மறைச்சீங்க?"

"துணி துவைக்கறேன்னு தெரிஞ்சா, ஐயோ பாவம்னு அடுத்த ரயிலைப் பிடிச்சு வந்துடுவே. வெள்ளிக்கிழமை போயிடும்."

"அழுக்குச் சட்டையோட கிடக்கீங்க, அதான் முகத்தைக் காட்ட மாட்டேங்கறீங்கன்னு நினைச்சுதான் நான் கிளம்ப இருந்தேன்."

"சட்டை நல்லாத்தான் இருக்கு," என்று காலரைத் தூக்கிக் காட்டினார். "கொஞ்சம் கசங்கல்."

"அது தெரியுது. வைங்க. காக்காவைக் கொடியில போடுங்க."

போனை வைத்ததும் வாசலுக்குப் போனார். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கட்டிலில் கவிழ்த்தார். துணியை மடித்துக்கொண்டே பெருமூச்சு விட்டார்.

"என்ன, இன்னும் கவலையா?" என்றேன்.

"இல்லக்கா. அவர் மேல பழியைப் போட்டு ரிவர்ஸ்லேருந்து தப்பிச்சுடலாம்னு பாத்தேன். இப்போ அந்தச் சாக்கும் போச்சு. நீங்க கொஞ்சம் வாங்க, ரெண்டு பக்கெட்டை வாசல்ல வச்சுட்டு நில்லுங்க. மாப்பிள்ளை கார் சும்மாதானே நிக்குது."

வியாழக்கிழமை முழுக்க என் வீட்டு வாசலில் இரண்டு பக்கெட்டுகள் நின்றன. ஒன்று இப்போது தண்ணீர் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது. பின்னால் வண்டிகளின் சத்தம்.

"அக்கா, பாஸ். ரிவர்ஸ்ல கோட்டைத் தொடவே இல்லை. அவருக்கும் சொல்லிட்டேன், வீட்டுக்குள்ளயே விசில் ஊதினார்."

"ரொம்ப சந்தோஷம்."

"அப்புறம் அக்கா, நான் எதையும் இடிக்கலை."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "எதைங்க இடிக்கலை?"

"பரீட்சையெல்லாம் முடிஞ்சு, வண்டியை ஓரமா நிறுத்தறப்ப. ஒரு தகர டிரம். அதுவா வந்து லேசா சாஞ்சுச்சு."