மே மாதத்து முழுக்கை

மே மாதத்து டெக்ஸாஸ் வெயிலில் முழுக்கை ஹூடி போட்டுக்கொண்டு ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கும் நம்ம வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால், ஏன் என்று ஒரு தரமாவது கேட்டீர்களா?

சண்முகப்ரியாவை யாரும் கேட்டதில்லை. அவள் மகள் கயலுக்கு மூன்று ஹூடி. மூன்றையும் வாங்கிக் கொடுத்தது அவள்தான்.

அன்று சாயங்காலம் காப்பெல் ஊரிலிருந்த வீட்டில் அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஹாலில் அவள் புருஷன் நெடுஞ்செழியன் திட்டிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. அவன் திட்டும்போதுகூட பயமில்லை, நிறுத்தினால்தான் பயம். லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்குவது கேட்டது. அடுப்பை அணைக்காமலே ஓடினாள்.

"கீழ அனுப்பிட்டாங்களா? என் பொண்ணு கீழயா?"

"இட்ஸ் த சேம் ஸ்கூல், அப்பா."

சேம் ஸ்கூல்தான், அதில் பொய்யில்லை. ஒரே கட்டடம், ஒரே பஸ். ஆனால் எட்டாவதில் ஒரு பரீட்சை வைத்து, மார்க்கும் டீச்சர் சிபாரிசும் பார்த்து, கொஞ்சம் பேரைப் பொறுக்கி எடுப்பார்கள். மேக்னட் என்று பேர். அவர்களுக்கு வகுப்பு மாடியில். காலேஜ் கணக்கு, ரோபோ லேப் எல்லாம் அங்கேதான். மத்தியானச் சாப்பாட்டுக்கும் விளையாட்டுக்கும் மட்டும் இறங்கி வந்து மற்ற பிள்ளைகளோடு கலப்பார்கள். மார்க் தொடர்ந்து குறைந்தால் மேக்னட் போய்விடும், கீழே படிக்கலாம். ஸ்கூல் சொன்னது அவ்வளவுதான். மாடிப் பிள்ளைங்க, கீழ்ப் பிள்ளைங்க என்று பேர் வைத்தது நாம். பர்த்டே பார்ட்டியில் "உங்க பொண்ணு மாடியா, கீழயா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேக்கையே நீட்டுகிறார்கள். மேலத்தெருவையும் கீழத்தெருவையும் விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டோம்.

"கீழ எவனெவன் படிக்கிறான்னு தெரியுமாடி? அவங்களோட சமமா உக்காருவியா?"

கயல் எப்போதும் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். அப்பாவுக்கு நன்றாகப் புரியட்டும் என்றோ என்னவோ, இதைத் தமிழில் சொன்னாள்.

"டெய்லி லஞ்சுக்கு அவங்களோடதான் உக்கார்றேன்."

ஒயர் முதுகில் விழுந்தது. அவள் கையை மடக்கி முகத்தை மறைத்துக்கொள்ள, அடுத்தது முழங்கைக்கு மேலே விழுந்தது. அடுத்ததும் அதே இடத்தில். தோல் கிழிந்து ரத்தம் சோபாவில் தெறித்தது.

"ஏங்க, விட்ருங்க. புள்ள செத்துருவா."

சண்முகப்ரியா நடுவில் பாய்ந்தாள். சார்ஜரின் கனத்த முனை அவள் மணிக்கட்டில் இறங்கியது. அவன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து சுவரோரம் தள்ளினான். தலை சுவரில் மோதிக் கண் இருட்டியது. ஒயர் மறுபடி மேலே போனது.

அப்போது வீடே அலறியது. கருகிய தோசைப் புகைக்கு ஸ்மோக் அலாரம் அடித்துவிட்டது.

அதுவரை மனைவி கதறியும் மகள் கத்தியும் நிற்காத கை, அந்தச் சத்தத்துக்கு நின்றது.

"ஜன்னலத் தெற. எவனாவது நைன் ஒன் ஒன் அடிச்சு போலீஸக் கூப்ட்ரப் போறான்." சார்ஜரைக் கீழே போட்டுவிட்டு, அதே கையால் டவலை எடுத்துப் புகையை விசிறினான்.

யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு தனபாக்கியம் ஆண்ட்டி. நெடுஞ்செழியன் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஆண்ட்டி சண்முகப்ரியாவின் கையைப் பார்த்தாள், சோபாவைப் பார்த்தாள். எதையும் கேட்கவில்லை.

"ஐஸ் வெச்சு விடு. ஒரு வாரம் ஹூடி போட்டு அனுப்பு. காயத்தப் பாத்தா டீச்சர் போன் பண்ணியே ஆகணும், இங்க சட்டம் அப்படி. அப்பறம் போலீஸு. வேலை போனா அவரு விசா, அதோட உங்க ரெண்டு பேர் விசாவும் போயிரும்."

"தெரியும் ஆண்ட்டி."

"எங்க பையன் மாதவன எப்படி மாடி ஏத்துனோம்னு நெனச்ச? இப்ப ஆப்பிஸ் போறான். இன்னும் முழுக்கைதான் போடறான், பாவம். பழகிருச்சு."

பெருமையாகத்தான் சொன்னாள்.

சண்முகப்ரியா ஐஸை எடுத்துக்கொண்டு மகள் ரூமுக்குப் போனாள். கயல் அழவில்லை. நாளைக்குப் போட கறுப்பு ஹூடியை யாரும் சொல்லாமலே எடுத்து நாற்காலியில் மடித்து வைத்திருந்தாள். ஒழுங்காக, கை இரண்டையும் உள்ளே மடித்து. அம்மா சொல்லிக் கொடுத்த மடிப்பு.

சண்முகப்ரியா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அலமாரியைத் திறந்து மற்ற இரண்டையும் எடுத்தாள்.

"வாட் ஆர் யூ டூயிங், மா?"

"தொவைக்கப் போறேன்."

"ஆல் த்ரீ? அப்ப நாளைக்கு?"

"அரைக்கை போட்டுட்டுப் போ."

"தே வில் சீ."

"பாக்கட்டும்."

"அப்பா வில் கோ டு ஜெயில். வீ வில் ஹாவ் டு கோ பேக்."

"போவோம். பொண்ணு பொழச்சுக் கெடந்தா எந்த ஊர்லயும் படிக்கலாம்." ஐஸை மகள் கையில் வைத்து அழுத்தினாள். "நீ அரைக்கை வேணாம்னா சொல்லு. ஒண்ண எடுத்துக் குடுத்தர்றேன்."

கயல் அலமாரியிலிருந்து ஒரு அரைக்கைச் சட்டையை எடுத்து, ஹூடி இருந்த நாற்காலியில் வைத்தாள்.

மறுநாள் காலை நெடுஞ்செழியன் வழக்கம்போல முதலில் கிளம்பி ஆபீசுக்குப் போனான். மூன்று ஹூடியும் வாஷரில் கிடந்தன. கயல் அரைக்கைச் சட்டையில் பஸ் ஏறினாள். முதல் பீரியட் முடிவதற்குள் ஸ்கூலிலிருந்து போன் வந்தது. சண்முகப்ரியா எடுத்து, காயத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம், "யெஸ், ஹெர் ஃபாதர்" என்று சொன்னாள்.