கொஞ்சம் தேவலை

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளை எல்லோரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, ஃபிரேமில் இம்மி பிசகாமல் உட்கார வைப்பது அவள் வேலை. பதினோரு வயதிலிருந்து சர்க்கரை நோய். தினமும் நாலு இன்சுலின் ஊசி. அதற்காக அவள் அலட்டிக்கொண்டதே இல்லை. பல் தேய்ப்பது மாதிரி அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான்.

அவளை ஆட்டிவைத்தது வயிற்றுவலி. தொப்புளுக்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளி, எப்போதும் ஒரே இடம். குனிந்தால் சுருக்கென்று குத்தும். தும்மினால் உயிர் போய் உயிர் வரும். ஒன்றரை வருஷமாக ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை, மறுபடி ஸ்கேன். எதிலும் ஒன்றும் தெரியவில்லை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஃபைலைத் திறக்கும் முன்பே பதிலைச் சொல்லிவிடுவார்: “சர்க்கரை இருக்குல்லம்மா, அப்படித்தான் இருக்கும்.”

ஒரே ஆறுதல் கணவன்தான். அவனுக்குச் சொந்தமாக மருந்துக்கடை இருந்தது. ஒவ்வொரு தடவையும் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தான். ஒருநாள் டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார்.

வெளியே வந்தவன், “புதுசா ஒரு வலி மாத்திரை சொல்லியிருக்காரு. நானே கொண்டுவரேன்” என்றான்.

அன்று மாலையே ஒரு காகித உறையில் பத்து வெள்ளை மாத்திரைகள் வந்தன. அட்டையிலிருந்து பிரித்தவை. தண்ணீரையும் அவனே கொண்டுவந்து கொடுத்தான். மருந்துக்கடைக்காரன் பெண்டாட்டி அட்டையைக் காட்டு என்று கேட்பாளா என்ன?

மூன்றாம் நாள் எதிரில் உட்கார்ந்து, “எப்படி இருக்கு?” என்றான். வலி அணுவளவும் குறையவில்லை. ஆனாலும் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தை ஏமாற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

“கொஞ்சம் தேவலை.”

அவன் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் சுருண்டு படுத்தால் அவன் பதறுவதில்லை. “மனசை வேற எதுலயாவது திருப்பும்மா” என்பான். டாக்டரும் அச்சு அசலாக அதையே சொன்னார். உறை தீரத் தீர அவன் புது உறை கொண்டுவந்தான். நாலு மாதம் இப்படியே போயிற்று.

பிறகு ஒருநாள் உடைந்த ஃபிரேமோடு ஒரு பெண் கடைக்கு வந்தாள். அவளும் ஒரு டாக்டர். கண்ணாடியக்கா திருகாணியை முடுக்கிக்கொண்டே இடையிடையே வயிற்றைப் பிடிப்பதை வந்தவள் கவனித்தாள்.

“எப்பவும் அந்த இடமேதானா?”

“அதே இடம்தான் டாக்டர்.”

“நாளைக்கு என்கிட்ட வாங்க. ரிப்போர்ட்டு, சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க.”

மறுநாள் டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு அவளைப் படுக்கச் சொன்னாள். ஒரு விரலால் அந்த இடத்தை அழுத்தினாள். “இப்ப தலையை மட்டும் தூக்குங்க.” தூக்கியதும் அவள் அலறிவிட்டாள்.

“வயிறு இறுகும்போது வலி கூடுதுன்னா கோளாறு குடல்ல இல்லீங்க. வயித்துச் சதையில ஒரு நரம்பு மாட்டிக்கிட்டிருக்கு. ஸ்கேன்ல தெரியாது.”

“அப்ப சர்க்கரையால இல்லையா?”

“சர்க்கரை மேல பழியைப் போட்டா வேலை சுலபம். அதான் யாரும் விரலை வெச்சுப் பார்க்கல.”

அந்த இடத்தில் மரத்துப்போக ஓர் ஊசி போட்டாள். ஐந்து நிமிஷம் கழித்துக் கண்ணாடியக்கா எழுந்தாள், குனிந்தாள், செருப்பைக் கையால் எடுத்தாள். வலியே இல்லை. அழுகைதான் வந்தது.

டாக்டரம்மா காகித உறையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “இதை எதுக்குச் சாப்பிடுறீங்க?”

“வலிக்கு.”

“இது கால்சியமாச்சே. எங்கம்மா எலும்புக்குச் சாப்பிடுறாங்க.”

அங்கிருந்து நேராகக் கணவனின் கடைக்குப் போனாள். கடையில் வேறு யாருமில்லை. உறையை மேஜைமேல் வைத்தாள்.

“இது கால்சியமாமே?”

அவன் அலமாரியில் ஒழுங்காகவே இருந்த டப்பாக்களை ஒழுங்குபடுத்தினான். “டாக்டர்தான் சொன்னாரு, வலி மாத்திரைன்னு சொல்லிச் சும்மா ஒண்ணைக் குடுத்துப் பாருங்க, வலி நிஜமான்னு தெரிஞ்சுடும்னு. உன் நல்லதுக்குத்தானே...”

“என்ன தெரிஞ்சுது?”

“நீதானே தேவலைன்னு சொன்னே! கால்சியத்துக்கு வலி குறையுதுன்னா நான் என்ன நினைக்கிறது?”

“உங்க முகத்துக்காகச் சொன்னேன். கடையைச் சாத்திட்டு என்கூட அலையுற மனுஷனுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டுமேன்னு சொன்னேன்.”

“அதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“நாலு மாசம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். நான் நடிக்கிறேன்னு நினைச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. தண்ணியை வேற கையில குடுத்தீங்க.”

இருமல் மருந்து கேட்டு யாரோ வந்தார்கள். தப்பித்தோம் என்பதுபோல அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் இறங்கிப் போய்விட்டாள்.

இன்னும் இரண்டு ஊசி போட்டதில் வலி முக்கால்வாசி போய்விட்டது. விஷயத்தைக் கேள்விப்பட்ட பழைய டாக்டர், “இப்படியும் சிலருக்கு வரும்” என்றாராம். கணவன் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டான். அவளும் “சரி, விடுங்க” என்றாள். விட்டுவிடத்தான் நினைத்தாள்.

மாதம் பிறந்ததும் அவன் வழக்கம்போல இன்சுலின் பெட்டியைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைத்தான். அவள் எடுத்துப் பார்த்தாள். முத்திரை உடையவில்லை. பெயர், தேதி எல்லாம் சரி. அது நல்ல மருந்து என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பிரிக்கக் கை வரவில்லை. அப்படியே வைத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த மருந்துக்கடைக்குச் சீட்டோடு போனாள்.

அந்தக் கடைக்காரருக்கு அவளைத் தெரியும். “என்னம்மா, உங்க கடையிலேயே ஸ்டாக் இல்லையா?”

“இருக்கு” என்றாள். அவர் சீட்டைப் பார்த்துப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

மாலையில் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்த கணவன், ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தான். தண்ணீரை எடுக்காமலே கதவைச் சாத்தினான். அவள் மேஜையில் சாப்பாட்டுத் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, தான் கொண்டுவந்த பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவன் கடை திறக்கப் போனான்.